வெளியேறும் அறிவித்தலும் லயன் அறைகளும்

வாடகைக்குக் குடியிருப்பவரை உரிமையாளர் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது என்பது எமது நாட்டில் நீண்டகாலமாக நிலைபெற்றுள்ள விதியாகும். மாத வாடகையாயின் ஒரு முழு மாத முன்னறிவித்தல் வழங்கப்படல் வேண்டும். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட கட்டடமாயின் அறிவித்தல் மாத்திரம் போதாது; சட்டம் ஏற்கும் காரணமொன்றும் காட்டப்படல் வேண்டும். தவணை முடிந்தும் குடியிருப்பவர் வெளியேறாவிடின், நீதிமன்றத்தை நாடுவதே உரிமையாளருக்குள்ள வழியாகும். பலாங்கொடையிலோ மாவனல்லையிலோ வாடகைக் கடையில் வியாபாரம் செய்யும் தமிழருக்கும் முஸ்லிமுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

அதே சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தொழிலாளியின் நிலை வேறு. அவர் வாடகைக் குடியிருப்பாளரும் அல்லர். வீட்டு உரிமையாளரும் அல்லர். தொழிலுக்காக வழங்கப்பட்ட கூரை, தொழிலோடு பறிபோகும் என்ற அச்சத்திலேயே அவரது முன்னோர் வாழ்ந்தனர்.

கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டம் இதற்குச் சான்றாகும். காணியற்ற கிராமத்தவர்களுக்கு வழங்குவதற்கென அரசாங்கம் 1940களில் அத்தோட்டத்தைச் சுவீகரித்து, அங்கிருந்த தொழிலாளர்களுக்கு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுத்தது. அவர்கள் மறுத்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1946 இல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. லயன் அறையை விட்டுப் போக மறுத்தமைக்காகக் குற்றவியல் அத்துமீறல் வழக்கும் தொடரப்பட்டது. அவ்வழக்கு பிரித்தானிய பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தனது வீட்டில் தொடர்ந்திருப்பதே ஒருவரின் முதன்மை நோக்கமாயின், அதனால் பிறருக்குத் தொந்தரவு ஏற்படினும் அது குற்றமாகாது என 1950 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. லயன் அறையும் வீடே என்பதை அத்தீர்ப்பு உணர்த்திற்று.

பின்னர் 1971 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் விசேட ஏற்பாடுகள் சட்டம், வேலை நிறுத்தப்பட்ட தொழிலாளியையும் குடும்பத்தினரையும் நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்ற முடியாதென வகுத்தது. ஆயினும் இச்சட்டத்தை அறிந்த தொழிலாளர்கள் எத்தனை பேர்? 2023 ஆகஸ்டில் மாத்தளை ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடியிருப்பு தோட்ட நிர்வாகத் தரப்பினரால் தகர்க்கப்பட்டமை, சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது என்பதையே காட்டியது.

அத்துடன் 1979 ஆம் ஆண்டின் அரச காணிகள் (உடைமை மீளப் பெறல்) சட்டத்தையும் நோக்க வேண்டியுள்ளது. இதன்கீழ் வெளியேறுவதற்கு 30 நாட்களுக்குக் குறையாத தவணை உண்டு. ஆனால் நீதவான் முன்னிலையில் குடியிருப்பவர் காட்டக்கூடியது அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தை அல்லது எழுத்துமூல அதிகாரத்தை மாத்திரமே. எந்தப் பத்திரமும் இல்லாதவருக்கு 30 நாட்களும் ஒன்றுதான், 300 நாட்களும் ஒன்றுதான். தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுக்குரியதாக இருந்து கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டுள்ள நிலையில், இதனை அலட்சியப்படுத்த முடியாது.

ஆகவே தவணையின் நீளத்தை விட, அத்தவணைக்குள் எடுத்துக்காட்டுவதற்கு ஓர் உரிமைப் பத்திரம் கையில் இருப்பதே முக்கியமாகும். 7 பேர்ச் காணியும் உறுதியும் பற்றிய வாக்குறுதிகள் மலையக மக்களுக்குப் புதியனவல்ல. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் சிறு தோட்டங்களும் தனியார் தோட்டங்களும் அவற்றில் மறக்கப்படலாகாது. உறுதி கிடைக்கும் வரை, நீதிமன்றக் கட்டளையின்றி எவரையும் வெளியேற்ற முடியாது என்ற சட்டத்தைத் தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு லயத்துக்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.