போலீஸ் மைக்கைக் கேட்க ஸ்கேனர் வாங்கலாமா? கனகம்மாசத்திரத்துக்குத் தேவை வேறு

"கன்ட்ரோல் ரூம்... ஓவர்... ஓவர்..." தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்தக் குரல் புதுசு இல்லை. ஜீப்பின் முன்சீட்டில் கரகரவென்று பேசும் அந்த மைக்கை வீட்டில் உட்கார்ந்தே கேட்க முடிந்தால்? ஹைவேயில் எங்கே விபத்து, எந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறியது, எந்த ஊருக்குத் தீயணைப்பு வண்டி போகிறது என எல்லாம் முதல் ஆளாகத் தெரிந்துவிடுமே!

இந்த ஆசையில்தான் பலர் 'ரேடியோ ஸ்கேனர்' என்று போனில் தேடுகிறார்கள். அமெரிக்க யூடியூபர்கள் "பெஸ்ட் ஸ்கேனர்" பட்டியல் போடுகிறார்கள். நம்மூர் ஆன்லைன் கடைகளிலும் சில ஆயிரம் ரூபாய்க்குச் சீன வாக்கி டாக்கிகள் கண்ணில் படுகின்றன. வாங்கிப் போட்டால் என்ன?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்காதீர்கள். ஆனால், வாங்கத் தூண்டுகிற அந்தத் தேவையைத் தப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தத் தேவைக்குப் பதில் சொல்லவேண்டியது அரசாங்கம்.

கனகம்மாசத்திரத்தில் இது ஏன் வெறும் ஆர்வக்கோளாறு இல்லை?

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது கனகம்மாசத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிற ஊர். வழிப்போக்கர்களும் லாரிகளும் பஸ்களும் கடந்துகொண்டே இருக்கிற சாலை. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடியோடு திருத்தணி மலைக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் வேறு. போக்குவரத்தை எங்கே திருப்பி விட்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தேவையான தகவல்.

இன்னொரு பக்கம் ஆறு. கொசஸ்தலை ஆறு பெருக்கெடுப்பதற்கு உள்ளூரில் மழை பெய்யவேண்டும் என்று அவசியமில்லை. ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணையில் மதகு திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் வெள்ளம் வந்துவிடும். அந்தத் தண்ணீர் கடைசியில் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்கிறது. அணை இருப்பது ஒரு மாநிலம், தண்ணீர் வருவது இன்னொரு மாநிலம். நடு ராத்திரியில் மதகு திறந்த செய்தி எவ்வளவு சீக்கிரம் எல்லை தாண்டி வருகிறது என்பதில்தான், மறுநாள் காலையில் பைக்கில் தரைப்பாலம் கடக்கிறவரின் உயிர் இருக்கிறது.

செய்தி சரியாகப் போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2015 டிசம்பரில் பார்த்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்ட அந்த ராத்திரியில், அடையாற்றுக் கரையில் இருந்த பலருக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எச்சரிக்கை சரியாகச் சொல்லப்பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் வருஷக்கணக்கில் ஓடியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு "அதிகாரிகளுக்குத் தெரிவது நமக்கும் அதே நேரத்தில் தெரியணும்" என்று ஒருவர் நினைத்தால் அதை எப்படிக் குறை சொல்வது?

ஸ்கேனர் என்ன செய்கிறது?

எஃப்.எம். ரேடியோவில் 'சீக்' பட்டனை அழுத்தினால் ஸ்டேஷன் கிடைக்கும் வரை அலைவரிசை தானாக ஓடுமே, அதேதான். ஸ்கேனர் நொடிக்குப் பல அலைவரிசைகளைத் தொட்டுப் பார்த்து, எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடும்.

கடையில் இதற்கு மூன்று வகைக் கருவிகள் கிடைக்கின்றன.

முதல் வகை, கேட்க மட்டுமே செய்கிற அசல் ஸ்கேனர். பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டது.

இரண்டாவது, கம்ப்யூட்டரில் செருகுகிற பென்டிரைவ் அளவு எஸ்.டி.ஆர். ரிசீவர். பிரபலமான மலிவு மாடல்கள் 24 மெகாஹெர்ட்ஸ் முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும்.

மூன்றாவது, சீன வாக்கி டாக்கி. இருப்பதிலேயே ஆபத்தான தேர்வு இதுதான். காரணம், இது கேட்பதோடு நிற்காது, பேசவும் செய்யும். பாக்கெட்டில் இருக்கும்போது தெரியாமல் பட்டன் அழுந்தினால்கூட, அதே அலைவரிசையில் ஒரு கான்ஸ்டபிள் ஆம்புலன்ஸ் கேட்டுக்கொண்டிருக்கும் குரலை அது அமுக்கிவிடக்கூடும். அனலாக் ரேடியோவில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் பேசினால் இருவர் குரலும் குழம்பும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள். பாட்டுக் கேட்கிற சாதாரண ரேடியோவுக்கே ஒரு காலத்தில் தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கவேண்டும். 1980-களில் அது ரத்தானது. ஒலிபரப்பைக் கேட்கிற ரேடியோவுக்குத்தான் அந்த விடுதலை. மற்ற வயர்லெஸ் கருவிகளை உரிமமோ விலக்கோ இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் சொன்னது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்ற அதே கொள்கையில்தான் நிற்கிறது.

அடுத்தவர் பேச்சை இடைமறித்துக் கேட்பது அதைவிடப் பெரிய விவகாரம். 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தின் 42-வது பிரிவின்படி, சட்டவிரோதமாகச் செய்தியை இடைமறித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். "சும்மா கேட்டேன் சார்" என்ற பதிலை நம்பி இவ்வளவு பெரிய ஆபத்தில் யாரும் இறங்கவேண்டியதில்லை.

"அப்புறம் எப்படி ஆன்லைனில் விற்கிறான்?" நியாயமான கேள்வி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் அதையேதான் கேட்டது. உரிமம் தேவையா இல்லையா என்று சொல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்றதற்காக 2025 மே மாதம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பின்னாலேயே விற்பனைக்கான வழிகாட்டு விதிகளும் வந்தன. கார்ட்டில் போட முடிகிறது என்பதாலேயே ஒரு பொருள் சட்டப்படி சரியாகிவிடாது.

லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய வாக்கி டாக்கிகளும் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் வேலை செய்கிற, அரசின் கருவி ஒப்புதல் பெற்ற, குறைந்த சக்தி செட்டுகள் அவை. 2018 விதிகள் இவற்றுக்கு விலக்குத் தருகின்றன. கல்யாண மண்டபத்திலும் டிரெக்கிங்கிலும் பயன்படும். போலீஸ் மைக் இதில் வராது.

"கேட்டால் மட்டும் என்ன கெடுதல்?"

அமெரிக்காவில் போலீஸ் ரேடியோ கேட்பது பல மாநிலங்களில் பொழுதுபோக்கு. அங்குள்ள கூட்டாட்சிச் சட்டம், பொதுமக்கள் எளிதில் கேட்கக்கூடிய அவசர சேவைப் பேச்சுக்கு இடம் தருகிறது. பிரிட்டனில் நிலைமை தலைகீழ். தனக்கு வராத ரேடியோ செய்தியைக் கேட்பதே 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒரே கருவிதான், ஆனால் நாட்டுக்கு நாடு நியாயம் வேறு. அதனால், அமெரிக்க வீடியோவைப் பார்த்து இங்கே முடிவெடுக்கக் கூடாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மைக்கில் போகிற பேச்சு யாருடையது? விபத்தில் சிக்கியவரின் பெயர், வீட்டுக்குள் அடி வாங்கிப் போன் செய்த பெண்ணின் விலாசம், தற்கொலைக்கு முயன்றவரின் தெரு. சின்ன ஊரில் தெருப் பெயர் ஒன்று போதும், ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அது அரைகுறையாகக் கேட்கப்பட்டு, வாய்ஸ் மெசேஜாக மாறி, பத்து வாட்ஸ்அப் குரூப்களைச் சுற்றினால் என்ன ஆகும்? வீட்டு ஆட்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருவதற்கு முன்னாலேயே ஊர் முழுக்க ஆளைச் சாகடித்துவிடும்.

இன்னொன்று, மைக்கில் வருவது முதல் தகவல்தான், சரிபார்த்த தகவல் இல்லை. "அஞ்சு பேர்" என்று முதலில் சொன்னது பத்து நிமிஷத்தில் "ரெண்டு பேர், லேசான காயம்" என்று மாறும். பணியில் இருப்பவர்களுக்கு அந்தத் திருத்தம் வந்து சேரும். ஃபார்வர்டு செய்தவர் திருத்தத்தையும் ஃபார்வர்டு செய்வார் என்று நம்ப முடியுமா?

மூன்றாவது விஷயம் நடைமுறை. உலகம் முழுக்கக் காவல் படைகள் டிஜிட்டல், என்கிரிப்ஷன் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. நியூயார்க் போலீஸே 2023-இல் தன் சேனல்களைப் பூட்டத் தொடங்கியது. பூட்டிய சேனலில் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கேனரும் வெறும் இரைச்சல்தான் தரும். நம் 108 ஆம்புலன்ஸ் விஷயத்தில் தகவல் பெரும்பாலும் செல்போன், ஜி.பி.எஸ். வழியாகவே ஓடுகிறது. ஆக, சட்டத்தை மீறி வாங்கினாலும் எதிர்பார்த்தது கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை.

ஆனால், பூட்டிவிட்டால் மட்டும் போதுமா?

அரசைக் கேட்கவேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. நியூயார்க்கில் சேனல்கள் பூட்டப்பட்டபோது பத்திரிகையாளர்கள் எதிர்த்தார்கள். காவல்துறை என்ன செய்கிறது என்பதைப் பொதுமக்கள் பார்க்க இருந்த ஒரு ஜன்னல் மூடுகிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. தனிமனிதர் ரகசியத்துக்காகக் கதவை மூடுகிற அரசு, பொதுத் தகவலுக்காக வேறு ஒரு கதவைத் திறந்தே ஆகவேண்டும்.

அதற்கு முன்மாதிரியும் உண்டு. சியாட்டில் நகரத் தீயணைப்புத் துறை, எந்த நேரத்தில், எந்த இடத்துக்கு, என்ன வகை அழைப்புக்கு வண்டி போகிறது என்பதை உடனுக்குடன் இணையத்தில் போடுகிறது. ஆள் பெயர் இருக்காது. ஊருக்குத் தேவையானது மட்டும் இருக்கும்.

இதைத் தமிழ்நாட்டில் தாலுகா வாரியாகச் செய்ய ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. திருத்தணி தாலுகா என்று தட்டினால் நான்கு விஷயம் தெரிந்தால் போதும். எந்த மதகு எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை கன அடி, எந்தத் தரைப்பாலம் மூடியிருக்கிறது, நெடுஞ்சாலையில் எங்கே போக்குவரத்து திருப்பப்பட்டிருக்கிறது. இந்தத் தகவல் அத்தனையும் ஏதோ ஓர் அதிகாரியின் கைக்கு முன்பே வந்துவிடுகிறது. ஆந்திர அணைகளின் திறப்புத் தகவலும் அதே பக்கத்தில், தமிழிலும் தெலுங்கிலும் வரவேண்டும். பத்திரிகைச் செய்திக்குறிப்பாக மறுநாள் வருவதற்கும், திறந்த அதே நிமிஷத்தில் போனில் வருவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் ஆட்கள் அடித்துச் செல்லப்படுகிறார்கள்.

அதுவரை என்ன செய்யலாம்?

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்', தமிழ்நாடு அரசின் 'டி.என். அலர்ட்' இரண்டையும் போனில் போட்டுவையுங்கள். லொகேஷனை அனுமதியுங்கள். மின்னலுக்கு 'தாமினி'. போன் செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கைகள் 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பலர் சோதனைச் சத்தம் கேட்டுப் பயந்து அதை அணைத்து வைத்திருக்கிறார்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, நெடுஞ்சாலை விபத்துக்கு 1033, எல்லா அவசரத்துக்கும் 112. எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. போன் பிடிக்கிற டவர் ஆந்திரப் பக்கத்தது என்றால் அழைப்பும் அந்தப் பக்கம் போக வாய்ப்பு உண்டு. அதனால் எடுத்ததும் "தமிழ்நாடு, திருவள்ளூர் மாவட்டம்" என்று ஆரம்பித்து, பிறகு ஊர்ப் பெயர் சொல்லுங்கள்.

ரேடியோமேலேயே உண்மையான காதல் இருக்கிறவர்களுக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. ஹாம் ரேடியோ. 12 வயது நிரம்பியவர் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதலாம். தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் கோடுகூடத் தேவையில்லை. தேறினால் வி.யூ.3 என்று தொடங்கும் சொந்த அழைப்புக் குறி. அந்த உரிமத்தாலும் போலீஸ் சேனலைக் கேட்க முடியாது. ஆனால், பேரிடர் நேரத்தில் அதைவிடப் பெரிய வேலை செய்ய முடியும்.

2004 டிசம்பரில் அதைச் செய்து காட்டியவர் பாரதி பிரசாத். ஹாம் ஒலிபரப்புக்காக அவர் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்குப் போயிருந்தது. சுனாமி வந்தது, வழக்கமான தொடர்புகள் அறுந்தன. போர்ட் பிளேரிலிருந்து அவர்களுடைய ரேடியோதான் தீவுச் செய்திகளை வெளியுலகுக்கும், உறவுகளைத் தேடித் தவித்தவர்களுக்கும் கொண்டுபோனது.

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கிற பெட்டிக்குப் போகும் காசை, ஊருக்காகப் பேசுகிற ஓர் உரிமத்துக்குச் செலவிடலாம். மதகு திறந்த சேதியை அந்த நிமிஷமே ஊருக்குச் சொல்லவேண்டிய கடமை மட்டும் அரசோடதுதான். அதை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.