பழைய பொட்டியா, புதுப் பொட்டியா?

"அக்கா, பொட்டி போச்சு. இதை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. புதுசு மாத்தணும்னா மூவாயிரம் ஆகும்" என்றான் நெட் கம்பெனிப் பையன். போன சித்திரையில், உச்சிவெயில் நேரம். மோர் கொடுத்து அனுப்பினேன். பணம் கொடுக்கவில்லை.

வைஃபை பொட்டி என்றுதான் எங்கள் அச்சங்குளத்தில் சொல்வோம். ரவுட்டர் என்பார்கள், மோடம் என்பார்கள், எல்லாம் அதுதான். கனெக்‌ஷன் கொடுத்த அன்று கம்பெனிக்காரர்களே மாட்டிவிட்டுப் போனது. நாலு வருஷமாகிறது. வெள்ளிக்கிழமை தோறும் துடைப்பதைத் தவிர நான் அதற்கு வேறொன்றும் செய்ததில்லை.

மூவாயிரம் ரூபாய்க்கு இத்தனை யோசனையா என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. என் மூத்த மகள் பி.காம். முடித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில் கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். சாயங்காலம் ஆறரைக்குப் பின்கட்டு அறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அதிகாலை மூன்றாகும். நடுவில் நெட் அறுந்தால் பாதி வேலை போய்விடும். ஒரே மாதத்தில் மூன்று தடவை அறுந்து, "இன்னொரு முறை இப்படியானால் சென்னை ஆபீசுக்கு வந்துதான் வேலை செய்யவேண்டும்" என்று மேலிடத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. சென்னைக்குத் தனியே அனுப்ப இவர் சம்மதிக்க மாட்டார். அப்புறம் என்ன இருக்கிறது எங்கள் பக்கத்தில்? பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், சிவகாசி அச்சாபீஸ். 2021 பிப்ரவரி 12 அன்று எங்கள் ஊர் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த மத்தியானத்தை நேரில் பார்த்தவள் நான். என் மகள் கையில் மருந்து படக்கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஆகவே அந்தப் பொட்டியில் எரிகிற பச்சை விளக்கு எனக்குச் சாமி விளக்கு மாதிரிதான்.

"பையன் சொன்னா கொடுத்துட்டுப் போவோமே, புள்ளை வேலையில்ல முக்கியம்?" என்றார் இவர். நியாயம்தான். ஆனால் மிக்ஸி ஓடவில்லையென்றால் முதலில் ஜாரைக் கழற்றிப் பார்க்கிறோமே தவிர, நேரே கடைக்கா ஓடுகிறோம்? பிளேடு மழுங்கியதற்கு மோட்டாரை மாற்றினால் சட்னி அரைபடுமா?

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று நாள் எழுதி வைத்தேன். எத்தனை மணிக்கு அறுந்தது, அப்போது பொட்டியில் என்ன விளக்கு எரிந்தது, முன்னறையில் இருந்த செல்போனில் நெட் வந்ததா இல்லையா, அவ்வளவுதான். பிறகு கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற என் அண்ணன் மகனுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். "அத்தை, நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு" என்று சிரித்தான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இப்போது வீட்டுக்கு வருவது செம்புக் கம்பியல்ல, தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம்தான் ஓடி வருகிறது. கம்பெனிப் பொட்டிக்கு இரண்டு வேலை. அந்த வெளிச்சத்தை வாங்கி மின்சார சைகையாக மாற்றுவது ஒன்று. மாற்றியதை வீடு முழுக்கக் காற்றில் பரப்புவது இன்னொன்று. முதல் வேலைக்கு அந்தப் பொட்டியின் நம்பர் கம்பெனி ஏட்டில் பதிந்திருக்க வேண்டும். கடையில் வேறொன்று வாங்கி வந்து நாமாக மாட்டினால் அது தானாக ஓடாது. கம்பெனிக்காரர்கள் பதிந்து கொடுத்தால்தான் உண்டு. ஆனால் இரண்டாவது வேலையை வேறு யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். அரிசி களைகிறவளே கோலமும் போடவேண்டும் என்று சட்டமா என்ன?

எங்கள் வீட்டில் கோளாறும் இரண்டாகவே இருந்தது.

ராத்திரி ஏழு, எட்டு மணிக்குப் பொட்டியின் விளக்கு மொத்தமும் அணைந்து மறுபடி எரிகிறது என்று எழுதியிருந்தேன். அது வயரின் குற்றமல்ல, கரண்டு வாங்குகிற அடாப்டரின் குற்றமாக இருக்கலாம் என்றான். தொட்டுப் பார்த்தேன், இட்லிச் சட்டி மூடி மாதிரி கொதித்தது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரிதான் அதைக் கக்கும். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜும் இறங்கும். போதாக்குறைக்கு எங்கள் அத்தை, தூசி படக்கூடாதென்று பொட்டிக்குப் பூவேலை செய்த துணியுறை போட்டிருந்தார்! காற்றுப் போக விட்டிருக்கிற சந்துகள் எல்லாம் அடைபட்டுப் போயிருந்தன. துணியை எடுத்தேன். சாத்தூரில் 250 ரூபாய்க்குப் புது அடாப்டர் வாங்கினோம். பழையதில் எழுதியிருந்த 12 வோல்ட்டேதான் புதியதிலும் இருக்கவேண்டும், ஆம்பியர் பழையதைவிடக் குறையக்கூடாது, முனையும் அதே மாதிரி இருக்கவேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், தகராறே இல்லை. அன்றோடு அணைந்து எரிவது நின்றது.

இன்னொரு கோளாறு எங்கள் வீட்டுச் சுவர். முன்கட்டு மாமனார் காலத்துக் கல்கட்டு. பின்கட்டு நாங்கள் எடுத்தது. பொட்டி முன்னறையில், இரும்பு பீரோவின் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. இரும்புக்கும் வைஃபைக்கும் ஆகாது. பீரோக் கண்ணாடியும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். பொட்டியை எடுத்து ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் ஆணியடித்து மாட்டினோம். கண்ணாடி இழையை மட்டும் மடக்கவோ முறுக்கவோ கூடாது, வளையல் மாதிரி வளைத்துவிடலாம். முன்னறையில் அருமையாக வந்தது. பின்கட்டில் அப்போதும் திக்கித் திக்கித்தான்.

இங்கேதான் அந்த மூவாயிரத்தின் கதை வெளுத்தது. பையன் தருவதாகச் சொன்னது 'டூயல் பேண்ட்' பொட்டி. வைஃபைக்கு இரண்டு அலைவரிசை பழக்கத்தில் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவாகப் போனாலும் சுவரை ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக ஓடும், ஆனால் ஒரு கனத்த சுவரைக் கண்டாலே சோர்ந்துவிடும். எங்கள் பழைய பொட்டியில் 2.4 மட்டும்தான். புதுப் பொட்டியை அதே முன்னறையில் மாட்டினால் இரண்டு கல்சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிற மகளுக்கு அந்த 5 போய்ச் சேர்ந்திருக்கவே போவதில்லை.

ஆகவே கம்பெனிப் பொட்டி அதன் முதல் வேலையைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதிலிருந்து ஒரு லேன் வயரை மோட்டு வழியாக இழுத்து, பின்கட்டில் சொந்தமாக ஒரு சின்ன ரவுட்டர் வைத்தோம். ரவுட்டர் 1,600, வயர் 400. அடாப்டரோடு சேர்த்து 2,250 ரூபாய். வயர் இல்லாமல் அலையை வாங்கித் திருப்பிவிடுகிற சின்னக் கருவியும் விற்கிறார்கள். விலை மலிவு, ஆனால் வேகத்தில் பெரும்பாலும் பாதியைத் தின்றுவிடும். வயர் இழுக்க வழியிருந்தால் வயரையே இழுங்கள்.

அதற்காகப் பழைய பொட்டியைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்திலேயே, வயர் செருகிப் பார்த்தும் வேகம் வரவில்லை, கம்பெனியும் வந்து லைன் சரியாக இருக்கிறது என்கிறது என்றால் பொட்டியைச் சந்தேகிக்கலாம். பழைய பொட்டிகள் சிலவற்றில் வயர் செருகுகிற துளை விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் தராது. 200க்குப் பணம் கட்டிவிட்டு அதை வைத்திருந்தால் பாதிப் பணம் தண்டம். ஆனால் 'லாஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிந்தால் பெரும்பாலும் லைனில்தான் கோளாறு. அணில் கடித்திருக்கும், லாரி இழுத்திருக்கும். அதற்குப் புதுப் பொட்டி விற்கவந்தால் வாங்காதீர்கள்.

பாதுகாப்பையும் பார்க்கவேண்டும். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்களை ஒரு கிருமி நிரல் தாக்கியது. கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட மோடம்கள்தான் அகப்பட்டன. வைஃபை பாஸ்வேர்டு வேறு, பொட்டிக்குள் நுழைகிற பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்றுங்கள். எங்கள் வீட்டில் நாலு வருஷமாக இரண்டாவதை யாரும் தொட்டதே இல்லை. செய்தவர்களே இனிமேல் திருத்தம் அனுப்பமாட்டோம் என்று கைவிட்ட பொட்டியாக இருந்தால், அது நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுவதுதான் சரி.

மாற்றுமுன் ரசீதைத் தேடி எடுங்கள். பொட்டி உங்களுடையதா, டெபாசிட்டில் கொடுத்ததா, வாடகையா என்று அதில் இருக்கும். கம்பெனிப் பொருளாக இருந்து பழுதானால், உங்கள் திட்டப்படி அவர்கள் செலவிலேயே மாற்றித்தர வேண்டியிருக்கலாம். கேட்காமல் காசை நீட்டாதீர்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்தப் பொட்டியை மாட்டுவது என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்கலாம் என்று சட்டமே இருக்கிறதாம். அங்கே உள்ள பெண்களும் நம்மைப் போலத்தான் ரசீதை எங்கே வைத்தோம் என்று தேடுவார்களோ என்னவோ!

கம்பெனிப் பையன் இரண்டு வாரம் கழித்து வந்தான். மேலே மாட்டியிருந்த பொட்டியையும் லேன் வயரையும் பார்த்துவிட்டு, "யாருக்கா செஞ்சு கொடுத்தா?" என்றான். "நாங்கதான்" என்றேன். மோர் குடித்துவிட்டுப் போனான், மூவாயிரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆடி பிறந்தது. மகளுக்கு மேலிடத்திலிருந்து ஓலை எதுவும் வரவில்லை. அத்தைக்குத்தான் கொஞ்சம் வருத்தம். அந்தப் பூவேலைத் துணியை இப்போது மிக்ஸிக்குப் போட்டிருக்கிறார்.