பேர் சொல்லாத பாட்டு

போளூர், ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளில் ஒரு பட்டுப் புடவை தறியை விட்டு இறங்குவதற்குள் எத்தனை பேர் கை பட்டாக வேண்டும், தெரியுமா? சாயம் தோய்க்க ஒருவர், பாவு ஓட ஒருவர், நூல் சுற்றித் தர வீட்டு அம்மாள், தறியில் உட்கார்ந்து நெய்ய ஒருவர். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நாம் கல்யாணத்துக்குப் போகிறோம். "எங்கே எடுத்தீர்கள்?" என்று நாலு பேர் விசாரிக்கிறார்கள். பெருமையாகக் கடையின் பேரைச் சொல்கிறோம். நெய்தவர் பேர்? அது நமக்கே தெரியாதே!

டெலிவிஷன் விளம்பரப் பாட்டும் இதே ரகந்தான். சினிமாவில், 'சங்கீதம்: இன்னார்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். விளம்பரத்தில் சோப்பின் பேர் வரும். சோப்புக்காரர் பேர் வரும். மெட்டுப் போட்டவர் பேர் மட்டும் வராது. அரை நிமிஷத்தில் அதற்கு ஏது இடம்?

ஓசூரில் உருவாகும் டைட்டன் கைக்கடிகாரத்தின் விளம்பர இசையைக் கேட்டால், அடுப்படியில் இருந்தாலும் தலையை வெளியே நீட்டுவோம். அது 1773-ல், மொஸார்ட் என்ற பதினேழு வயதுப் பிள்ளை இயற்றிய 25-ஆவது சிம்பொனியிலிருந்து எடுத்தது! 'ரோஜா' வெளிவந்த 1992-க்கு முன்பே ஏ. ஆர். ரஹ்மான் லியோ காபி முதலிய விளம்பரங்களுக்கு இசை அமைத்திருந்தார். காபியின் மணம் வீடு வீடாகப் போயிற்று; அவர் பேர் போகவில்லை. அதற்கு ஒரு சினிமா வர வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா? கொடைக்கானல் அருவியில் ஒரு பெண் துள்ளிக் குளிப்பாளே, லிரில் சோப்பு விளம்பரம், நினைவிருக்கிறதா? 1975-ல் வந்தது. மறு வருஷம் ஜனவரி முதல் தேதிதான் தூர்தர்ஷனில் விளம்பரங்களே ஆரம்பமாயின. அந்த 'லா லலலா'வை முணுமுணுக்காத குளியலறை உண்டா? அதற்கு இசை அமைத்தவர் வன்ராஜ் பாட்டியா. லண்டனிலும் பாரிஸிலும் மேல்நாட்டுச் சங்கீதம் பயின்றவர். 'தமஸ்' படத்துக்குத் தேசிய விருதும், 2012-ல் பத்மஸ்ரீயும் பெற்றவர். ஏழாயிரம் விளம்பரங்களுக்கு மேல் மெட்டமைத்தவர் என்கிறார்கள். 1959-ல் அவர் முதன்முதலாக இசை அமைத்த விளம்பரம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஒரு பட்டு மில்லுக்கு!

அப்பேர்ப்பட்டவர் 2019-ல், 92 வயதில், கையில் காசில்லாமல் வீட்டுப் பீங்கான் சாமான்களை விற்கும் நிலைக்கு வந்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. 2021 மே மாதம் காலமானார். சோப்பு விற்றது, மெட்டு நின்றது, மனிதரைத்தான் மறந்துவிட்டோம்.

"கூலி கொடுத்தாகிவிட்டது, பேர் வேறு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கூலி இன்றைய அடுப்புக்கு. பேர் நாளைய அடுப்புக்கு. பேர் தெரிந்தால்தானே, 'அவரையே கூப்பிடு' என்று அடுத்த வேலை தேடி வரும்? கை தளர்ந்த காலத்தில் நாலு பேர் விசாரிக்கவும் வருவார்கள்.

ஆரணிப் பட்டுக்கு இப்போது புவிசார் குறியீடு இருக்கிறது. ஊருக்குப் பேர் வந்துவிட்டது, சந்தோஷம். ஆளுக்கும் வர வேண்டாமா?

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை புடவை எடுக்கும்போது விலையோடு இதையும் கேளுங்கள்: "இதை நெய்தது யார்?" கடைக்காரர் முதலில் விழிப்பார். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். பிள்ளைகள் விளம்பரப் பாட்டைப் பாடினால், "மெட்டுப் போட்டது யார், கண்டுபிடி பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். செலவில்லாத காரியந்தானே!