'எனக்குத் தெரியாது' என்கிற ஜம்பம்

நம் நடுத்தர வர்க்கத்தில் ஒரு புதிய ஜம்பம் பரவியிருக்கிறது. "இந்தக் கம்ப்யூட்டர், ஈ-மெயில் சமாசாரமெல்லாம் நமக்கு ஒன்றும் தெரியாது, ஸார்!" என்று சொல்லிவிட்டு, ஏதோ பட்டம் பெற்றவர் போலப் புன்னகை புரிகிறார்கள். தெரியாமலிருப்பது குற்றமல்ல. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்படிச் சொல்கிறவர்கள் யார்? ஒரு காலத்தில் ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தவர்கள். பெட்ரோல் குழாயை ரிசர்வில் திருப்பியவர்கள். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டியவர்கள். வீட்டில் விளக்கு அணைந்தால் முதல் காரியமாக அடுத்த வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தவர்கள். அங்கே வெளிச்சம் இருந்தால் கோளாறு நம் வீட்டில். இல்லாவிட்டால் மின்சார வாரியத்தில். அதற்குப் பிறகுதான் பியூஸ் கட்டையில் கை வைப்பார்கள். இவர்கள் வீட்டு அம்மாளோ, குக்கரில் விசில் வராவிட்டால் காஸ்கெட்டா, வெயிட்டா, தண்ணீரா என்று அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.

அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தீர்களே, அதுதான் ஸார் இந்தச் சாஸ்திரம் முழுவதும்! இணையம் வரவில்லையா? அதே வைஃபையில் கைபேசிக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோளாறு கம்ப்யூட்டரில், வராவிட்டால் இணைப்பில். ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா, எல்லாமேவா? ஒன்று மட்டும் என்றால் உங்கள் யந்திரத்தை ஏன் வைகிறீர்கள்? அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டதா? தயவு செய்து அதைப் படியுங்கள். விலாசம் தவறா, பெறுகிறவரின் பெட்டி நிரம்பிவிட்டதா என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். தபால்காரர் 'விலாசதாரர் இல்லை' என்று எழுதித் திருப்பிய கவரை வாசிக்காமல் கிழித்துப் போட்டவர் நம்மில் யார்?

ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. இடம். கடிதங்களுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த இடம். பேரனின் வீடியோக்களால் அது நிரம்பினால் கடிதம் வருவது நின்றுபோகும். 25 எம்.பி. வரை அனுப்பலாம் என்கிற சேவையில் 20 எம்.பி. படமே சில சமயம் திரும்பி வருகிறது. ஈ-மெயில் முதலில் வெறும் எழுத்துக்களைச் சுமக்க ஏற்பட்டது. படத்தையும் எழுத்துக்களாக மாற்றித்தான் அது அனுப்புகிறது. அப்படி மாற்றும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகிறது. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பு இல்லை' என்று எச்சரிக்கை வந்தது. பழுது பார்க்க வந்த பையன் பார்த்தவுடனே, "பார்மட் அடிச்சிடலாம், ஸார்" என்றான். அடித்தும் விட்டான். நாலு வருஷமாக அவர் எழுதி வந்த குடும்ப சரித்திரம் அத்தோடு போயிற்று. மறுநாளும் அதே எச்சரிக்கை! உள்ளே இருந்த காசு அளவுப் பாட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தேதி உண்டு. தேதி பொருந்தாததால் யந்திரம் நம்ப மறுத்தது. திரையின் மூலையில் தேதி தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவரும் பார்க்கவில்லை, அந்த நிபுணனும் பார்க்கவில்லை. 'ஏன்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் சரித்திரம் பிழைத்திருக்கும்.

"எங்களையே குறை சொல்கிறீரே, யந்திரம் செய்கிறவன் புரியும்படி செய்யக்கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயந்தான். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று நம்மைப் படுத்தினார்களே, அந்தப் பழக்கம் பெரும்பாலும் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2003-ல் வகுத்த யோசனைகளிலிருந்து வந்தது. 2017-ல் அதே நிறுவனம் அந்தக் கட்டாயங்கள் வேண்டாம், நீளமான பாஸ்வேர்டே மேல் என்று மாற்றி எழுதியது. முதலில் எழுதிய பில் பர் என்பவரே, அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். பதினாலு வருஷம் கோடிக்கணக்கான ஜனங்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் தங்களைத் தாங்களே மக்கு என்று நொந்துகொண்டார்கள். மக்குத்தனம் விதியில் இருந்தது! ஆகவே, யந்திரம் சொல்வதெல்லாம் வேதம் என்று பணிவதும் தப்பு. ஒன்றுமே புரியாது என்று கண்ணை மூடிக்கொள்வதும் தப்பு.

இதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. "சும்மா இருப்பா, நான் பண்ணித் தரேன்" என்று பிடுங்கி, நாலு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என்ன தட்டினான், எதற்குத் தட்டினான் என்று அப்பாவுக்குத் தெரியாது. அடுத்த தடவையும் அவன்தான் வர வேண்டும். இது உதவியா? தகப்பனை அடிமையாக்கும் வித்தை அல்லவா?

போகட்டும், நாலு ஈ-மெயில் தவறினால் என்ன என்கிறீர்களா? தவறுவது ஈ-மெயில் மட்டுமல்ல. திடீரென்று திரை சிவந்து, சைரன் ஒலித்து, 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்' என்று வரும். தங்கள் எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இராது என்று மைக்ரோஸாப்ட் கம்பெனியே பல தடவை சொல்லியிருக்கிறது. ஆனால் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று பழகியவர் என்ன செய்வார்? நடுங்கும் விரலால் கூப்பிடுவார். மறுமுனையில் தேனாகப் பேசுகிறவன் ஒரு செயலியை நிறுவச் சொல்வான். திரை அவன் கைக்குப் போய்விடும். சேமிப்பும் பின்னாலேயே போய்விடும். ஏமாந்தவுடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும் என்பதுகூட அந்தக் கலவரத்தில் தோன்றாது.

திருடன் கெட்டிக்காரன் என்பதால் மட்டும் இது நடப்பதில்லை. காரணம் கேட்காமல் யாரோ ஒருவன் சொன்னபடி நடக்க நாம் வருஷக்கணக்காகப் பழகி வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தைத் திருடன் உபயோகித்துக்கொள்கிறான். பிள்ளைக்கும் பழுது பார்க்கிறவனுக்கும் கை கட்டி நின்றவர், மூன்றாவதாக வந்தவனுக்கும் கை கட்டுகிறார்.

எல்லோரும் என்ஜினீயர் ஆக வேண்டியதில்லை. திரையில் வருவதை நிதானமாகப் படியுங்கள். ஏன் என்று கேளுங்கள். யாராவது அவசரப்படுத்தினால் யந்திரத்தை அணைத்துவிட்டு ஒரு டம்ளர் காப்பி சாப்பிடுங்கள். நிஜமான கோளாறு எதுவாயிருந்தாலும் அந்தக் காப்பி முடிகிற வரை காத்திருக்கும்; காத்திருக்க முடியாதவன் திருடன் ஒருவன்தான்.