சிகரத்துக்கு முன் ஓர் இரவு

ஆசிரியருக்கு,

இமயமலை நடைபயணம் பற்றிய கட்டுரை, ஜிம்முக்குப் போகிற உடம்பு இருந்தால் போதும் என்ற தொனியில் முடிந்திருந்தது. உயரம் அப்படி ஆள் பார்ப்பதில்லை. மாரத்தான் ஓடுபவருக்கும் தலைவலி, குமட்டல் வரும். வேகமாக ஏறுவதால் அவருக்கே முந்தியும் வரலாம்.

உத்தராகண்டின் கேதார்காந்தாவையே எடுத்துக்கொள்ளலாம். புதியவர்கள் அதிகம் போகும் சிகரம், சுமார் 3,800 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. டேராடூனிலிருந்து முழுநாள் வண்டிப் பயணத்தில், நடை தொடங்கும் சாங்க்ரி கிராமம், ஏறத்தாழ 1,950 மீட்டர். சென்னையிலிருந்து விமானத்தில் வந்திறங்குபவர் அங்கே ஓர் இரவு கூடுதலாகத் தங்குவது நல்லது. லீவு கணக்கு பார்ப்பவர்கள் முதலில் வெட்டுவது அந்த இரவைத்தான்! 3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி.

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஆகவே இங்கே கால்களைப் பழக்கலாம். மூச்சைக் கேதார்காந்தாவின் உயரத்துக்குப் பழக்க முடியாது.

உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, சிகரம் கண்ணெதிரே இருந்தாலும் உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்