அம்மா கட்டும் பக் சாங்குக்குக் கூலி எவ்வளவு?

"கடையில் வாங்கினால் கொள்ளை விலை, அம்மா செய்தால் செலவே இல்லை!" டிராகன் படகுத் திருவிழா நெருங்கினால் சிங்கப்பூர், மலேசியச் சீனர் வீட்டுப் பிள்ளைகள் இப்படிப் பெருமை பேசுவார்கள். காமர்ஸ் படிக்கிற பிள்ளையே இதைச் சொன்னால் என்ன செய்வது?

பக் சாங் தெரியாதவர்களுக்கு: பசையரிசியை மூங்கில் இலையில் பொதிந்து வேகவைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கவிஞர் சூ யுவான் மிலுவோ ஆற்றில் மூழ்கி இறந்தபோது மக்கள் தண்ணீரில் அரிசியைப் போட்டார்கள், அதிலிருந்து வந்தது என்பது கதை. அது கிடக்கட்டும். கட்டை அவிழ்க்கும்போது வருமே ஒரு வாசனை! சோயா சாஸில் பழுப்பேறிய அரிசி, உருகி இறங்கிய பன்றிக் கொழுப்பு, காளான், கஷ்கொட்டை, நடுவில் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு. சில கடைகளில் அது பாதிதான் இருக்கும். அம்மா முழுசாக வைப்பார்.

ருசியில் சண்டையே இல்லை. "செலவே இல்லை" என்பதில்தான் சண்டை.

முந்தின நாளே அரிசியும் இலையும் ஊற வேண்டும். ஒவ்வொரு இலையையும் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவ வேண்டும். இறைச்சியைத் தனியாக, காளானைத் தனியாக வதக்க வேண்டும். இரண்டு இலையைக் கூம்பாக மடித்து, நிரப்பி, மூடி, நூலால் இறுக்க வேண்டும். லூசாகக் கட்டினால் தண்ணீர் புகுந்து குழையும். ரொம்ப இறுக்கினால் அரிசி உப்ப இடமில்லாமல் உள்ளே வேகாது. அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் அடுப்பு. இத்தனைக்கும் கூலி பூஜ்யம் என்று போட்டால் எந்தப் பண்டமும் மலிவுதான் சார்!

தப்பு பிள்ளைகள் மேல் மட்டும் இல்லை. தேசியக் கணக்கு முறையே அப்படித்தான். வீட்டுக்காரர்களுக்காக வீட்டிலேயே சமைப்பது ஜிடிபியில் சேராது. அதே கொழுக்கட்டையைக் கடையில் விற்றால் சேரும். சீனாவில் இதை விற்றே பெயர் வாங்கிய வூஃபாங்சாய் கம்பெனி 2022-ல் ஷாங்காய் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. அங்கே இலை மடிப்பவருக்குச் சம்பளம் உண்டு.

"அம்மாவுக்கு அதுதான் சந்தோஷம்" என்று உடனே கிளம்பி வருவார்கள். இருக்கலாம். ஐம்பதாவது கட்டு முடியும்போது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போது, ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தார்களா?

அம்மாவுக்குப் பில் போட்டுக் காசு கொடுக்கச் சொல்லவில்லை (கொடுத்தால் அடிதான் விழும்). பக்கத்தில் உட்கார்ந்து கட்டுங்கள். மகன்களும்தான். அளவுக் கப், தராசு எதுவும் இல்லாமல் கைக்கணக்கில் ஓடும் வித்தை இது. இப்போது பார்த்துக்கொள்ளாவிட்டால், அப்புறம் கடை விலைதான் கதி. முதல் நாள் கட்டு அவிழ்ந்து பாதி அரிசி பானைக்குள் கொட்டும். கொட்டட்டும், கரண்டியால் அள்ளித் தின்னலாம்.