படைத்தளச் செலவுக் கணக்கில் நிலத்துக்கு என்ன விலை?

2025 ஆகஸ்ட் 25 ஆம் திகதி வெள்ளை மாளிகையில் தென்கொரிய ஜனாதிபதி லீ ஜே மியுங்கைச் சந்தித்த அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், கொரிய மண்ணில் தங்களது பெரிய படைத்தளம் அமைந்திருக்கும் நிலத்தின் உரிமையையே அமெரிக்காவுக்குத் தருமாறு கேட்க விரும்புவதாகச் செய்தியாளர்கள் முன்னிலையில் கூறினார். தளச் செலவை யார் ஏற்பது என்று பல தசாப்தங்களாக நடந்துவரும் பேரம் எங்கு வந்து நிற்கிறது என்பதை அந்த ஒரு கூற்றே உணர்த்திவிட்டது.

1966 இல் கைச்சாத்திடப்பட்ட படைகளின் அந்தஸ்து தொடர்பான உடன்படிக்கையின் 5 ஆவது பிரிவின் பிரகாரம், தளங்களுக்கான நிலத்தையும் வசதிகளையும் தென்கொரியா இலவசமாக வழங்கவேண்டும். படைகளின் பராமரிப்புச் செலவை அமெரிக்கா ஏற்கவேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்காகவே 1991 இல் விசேட ஏற்பாடுகள் உடன்படிக்கை வந்தது. தளங்களில் பணிபுரியும் கொரியர்களின் ஊதியம், கட்டுமானம், விநியோக உதவிகள் ஆகிய மூன்றிலும் சோல் அரசாங்கம் பங்கேற்கத் தொடங்கியது. விதிவிலக்கு திரும்பத்திரும்பப் புதுப்பிக்கப்பட்டு விதியாகவே மாறிவிட்டது. 2019 இல் 1.0389 ட்ரில்லியன் வொன்னாக இருந்த கொரியாவின் பங்களிப்பு 2021 இல் 1.1833 ட்ரில்லியனாக உயர்ந்தது. 2026 ஆம் ஆண்டுக்கு 1.5192 ட்ரில்லியன் வொன் என 2024 இல் இணங்கப்பட்டது. இந்த இணக்கத்தின் பின்னரும் வருடத்துக்கு 1000 கோடி டொலர் தரவேண்டும் என்று ட்ரம்ப் 2025 ஜூலையில் கூறினார்.

செல்வந்த நாடொன்றின் பாதுகாப்புக்கு நாம் ஏன் செலவிட வேண்டும் என்று அமெரிக்க வரியிறுப்பாளர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அந்தக் கேள்விக்கு விடைகாணும் கணக்கு முழுமையானதாக இருக்கவேண்டும் அல்லவா? பியொங்டேக் நகரில் உள்ள ஹம்ப்ரீஸ் தளத்தை விரிவாக்க ஏறத்தாழ 1080 கோடி டொலர் செலவானது. அதில் நூற்றுக்கு 90 வீதத்துக்கும் அதிகமானதைத் தென்கொரியாவே செலுத்தியது. வருடாந்தப் பங்களிப்பைப் பற்றிய வாதங்களில் இந்தத் தொகை பெரிதாகப் பேசப்படுவதில்லை.

அதனினும் குறைவாகப் பேசப்படுவது தேச்சுரி கிராமத்தின் கதை. அங்கு வாழ்ந்தவர்களில் பலர் முதலில் யப்பானிய விமானத்தளத்துக்காகவும், பின்னர் கொரியப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தளத்துக்காகவும் இடம்பெயர்ந்த குடும்பத்தவர்கள். கடலோரச் சதுப்பு நிலத்தைத் தங்கள் உழைப்பால் வயலாக்கியவர்கள். ஹம்ப்ரீஸ் விரிவாக்கத்துக்காக மூன்றாவது தடவையும் எழும்பச் சொன்னபோது அவர்கள் இரவுதோறும் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். 2006 மே 4 ஆம் திகதி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொலிஸாரும் படையினரும் இறக்கப்பட்டு, போராட்டத்தின் மையமாக இருந்த பாடசாலைக் கட்டிடம் இடிக்கப்பட்டது. 2007 இல் எஞ்சியிருந்த குடும்பங்களும் வெளியேறின. நட்டஈடு கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால், எந்த ஊரின் பெயரும் பங்களிப்புக் கணக்கில் ஒரு வரியாக இடம்பெறுவதில்லை. படைமுகாம்களுக்காக நிலமிழந்து தசாப்தக்கணக்கில் காத்திருந்த வலிகாமம் வடக்கு மக்களுக்கு இதை எவரும் விளக்கவேண்டியதில்லை.

பேரம் முறியும்போது அடிபடுவதும் சாதாரண மக்களே. 2019 முடிவில் உடன்படிக்கை காலாவதியாகி, புதியதில் இணக்கம் ஏற்படாத நிலையில், 2020 ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் சுமார் 4,000 கொரிய ஊழியர்கள் ஊதியமற்ற விடுப்பில் அனுப்பப்பட்டனர். சமையற்கூடத்திலும் பராமரிப்பு வேலைகளிலும் இருந்தவர்களின் சம்பளம் வொஷிங்டனின் பேரப்பொருளாயிற்று. ஊதியத்தைத் தானே பொறுப்பேற்க சோல் முன்வந்த பின்னர்தான் ஜூனில் அவர்கள் திரும்பினர். இந்த அனுபவத்தின் விளைவாக, உடன்படிக்கை இல்லாத காலத்திலும் முன்னைய வருடத்தின் அளவில் ஊதியம் வழங்க வகைசெய்யும் ஏற்பாடு 2021 உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது.

ஆக, மனமிருந்தால் மக்களையும் பேச்சுவார்த்தை மேசையில் கணக்கிலெடுக்க முடியும் என்பது நிரூபணமாகியிருக்கிறது. ஊழியர்களுக்குச் செய்ததை நிலத்துக்கும் செய்யவேண்டும். இலவசமாகக் கொடுத்த நிலத்தின் பெறுமதியும் இடம்பெயர்ந்தவர்களுக்கான செலவும் அடுத்த பேச்சுவார்த்தையில் கொரியாவின் பங்களிப்பாகவே கணக்கு வைக்கப்படவேண்டும் என்பது எனது கருத்து. அவ்வாறு எழுதப்படாத நிலத்தை, கொடுத்தவர் எதுவும் கொடுக்கவில்லை என்று பெற்றவர் சொல்வதற்கு அதிக காலம் எடுப்பதில்லை. இப்போது உரிமையையே கேட்கும் கட்டமும் வந்துவிட்டது.